நம் ஊருக்கும் ஒரு பருவம் உண்டு

திருப்புல்லாணி,
கார்த்திகை மாதம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை உன் அம்மா இன்னும் கீழே வைக்கவில்லை. ஜப்பானில் அவோமோரி பக்கத்துக் கிராமத்தில் நிற்கும் அந்தக் கிங்கோ மரத்துக்கு ஆயிரம் வயதுக்கு மேல் இருக்கும் என்கிறாய். கிளைகளிலிருந்து விழுது போலத் தொங்குவதைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள். தாய்ப்பால் சுரக்க வேண்டி அங்கே பெண்கள் வந்து கும்பிடுவார்கள் என்று நீ எழுதியதை வாசித்ததும் கைகூப்பிவிட்டாள்.

பேரன் கேட்டானே, அந்தக் கிங்கோ இலைகளில் அவ்வளவு மஞ்சளும் எங்கிருந்து வந்தது என்று. அது கோடையிலும் இலைக்குள்ளேயேதான் இருந்தது என்று சொல். பகல் குறைந்து குளிர் ஏறும்போது பச்சையம் சிதைகிறது. பச்சை விலகியதும் மஞ்சள் தெரிகிறது. நம் கோயில் அரசமரத்தில் இது தலைகீழ்: உதிரும்போது அல்ல, தளிர்க்கும்போதுதான் அது செம்பு நிறத்தில் மின்னும்.

போன வாரம் நாங்கள் இருவரும் உத்தரகோசமங்கைக்குப் போய் வந்தோம். விடிகாலையிலிருந்து மழை. வழியெல்லாம் கண்மாய்களில் தண்ணீர், வயலில் நெல் முழங்கால் உயரம். மங்களநாதரைக் கும்பிட்டுவிட்டுத் தலமரமான இலந்தையிடம் வெகுநேரம் நின்றேன். மூவாயிரம் வருடம் என்பது ஊர் நம்பிக்கை. யார் எண்ணினார்கள் என்று நான் கேட்பதில்லை. மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம் பாடிய தலம் அது. முறுக்கேறிக் கிடக்கும் அந்த அடிமரத்தைப் பார்த்தால் எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது. இலந்தை வறட்சிக்குப் பிறந்த மரம். ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கிவிடும், கடும் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு முள்ளோடு காத்திருக்கும். நாங்கள் போன அன்று அதன் இலைகள் மழையில் கழுவி எடுத்தாற்போல் இருந்தன. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, வெறும் பச்சைதான். ஆனால் ராமநாதபுரத்துக்காரனுக்கு அதைவிடப் பெரிய நிறம் எது?

அம்மாடி, ஒன்று கேட்கிறேன். நீ வருவதெல்லாம் கோடை விடுமுறையில்தான். கண்மாய் வெடித்துக் கிடக்கும், எங்கும் சீமைக் கருவேலம். இரண்டாம் நாளே பேரன் சுணங்கிவிடுகிறான், அவன் மேல் தப்பில்லை. அவன் மனதில் தாத்தா ஊர் என்றால் வெயிலும் புழுதியும்தான் என்று ஆகிவிடுமோ என்பதுதான் எனக்கு வருத்தம். ஜப்பானில் எந்த ஊரில் எப்போது இலை நிறம் மாறும் என்று முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது, ஜனங்கள் ரயில் ஏறிப் போகிறார்கள் என்று எழுதினாய். நம் ஊருக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கிறது. வடகிழக்கு மழை முடிகிற நேரம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் நாட்டுக் கருவேல மரங்கள் மேல் நாரைகள் கூடு கட்டும். மழை பொய்த்தால் அவை வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருக்கிறது.

அப்புறம், மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கையில் மரகத நடராஜரின் சந்தனக்காப்பு களைவார்கள். வருடத்தில் அந்த ஒரு சமயம்தான். புத்தாண்டு விடுமுறையை ஒட்டி வர முடியுமா என்று பார். இலந்தை பழுக்கத் தை மாதம் ஆகிவிடும். பரவாயில்லை, அம்மா போன வருடத்து இலந்தை வடை கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறாள். விடுமுறைத் தேதி தெரிந்ததும் போன் பண்ணு. ராமேஸ்வரம் ரயிலில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அன்புடன்,
அப்பா