புதுத் தொட்டியில் மீன்கள் சாகக் காரணம் உங்கள் வழிகாட்டித் தாள்: புகார் கடிதம்

அனுப்புநர்:
2 அடி மீன் தொட்டி செட் வாங்கிய வாடிக்கையாளர், சென்னை

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தொட்டி செட்டுடன் வரும் வழிகாட்டித் தாளின் தவறான குறிப்புகளைத் திருத்தவும், இறந்த மீன்களுக்கு இழப்பீடு தரவும் கோருதல்

ஐயா / அம்மா,

உங்கள் செட்டில் கண்ணாடியிலோ மோட்டாரிலோ ஒரு குறையும் இல்லை. ஒட்டு கசியவில்லை, ஃபில்டர் சத்தமில்லாமல் ஓடுகிறது. குறை முழுவதும் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ஒற்றைத் தாளில்தான். அதில் உள்ளபடியே செய்ததால் தொட்டியில் விட்ட நான்கு தங்கமீன்களும் செத்துவிட்டன.

தாள் சொல்வது இதுதான்: தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் ஃபில்டரை ஓட்டவும், பாக்டீரியா பாட்டிலை ஊற்றவும், பிறகு 4 முதல் 6 தங்கமீன்கள் விடலாம், தண்ணீர் கலங்கினால் முழுவதையும் மாற்றி, ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவவும்.

கடைசி வரிதான் மிகப் பெரிய கேடு. புதுத் தொட்டியில் வரும் கலங்கலில் இரண்டு வகை உண்டு. நிரப்பிய சில நிமிடங்களிலேயே வருவது கழுவாத கல்லின் தூசி. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து இரவு முழுக்க வைத்தால் அடியில் படிந்துவிடும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பால் கலந்தாற்போல் வருவது படியாது. மிச்சத் தீனியையும் கழிவையும் தின்று பெருகும் பாக்டீரியா அது. தீனியைக் குறைத்து, ஏர் பம்பை ஓட விட்டால் சில நாளில் தானாகவே தெளியும். முழுத் தண்ணீரையும் மாற்றினால் அது மறுபடி பெருகுவதற்கு இடம் கொடுத்தது போல்தான். அடுத்த சில நாளில் மீண்டும் வெளுக்கும்.

தொட்டிக்கு உயிர் கொடுக்கும் பாக்டீரியா வேறு. அது தண்ணீரில் மிதப்பது குறைவு. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்வது. ஒரு கூட்டம் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டைக் கேடு குறைந்த நைட்ரேட்டாக்கும். கலங்கல் பாக்டீரியா மணிக்கணக்கில் பல மடங்காகும்; இவை ஒரு மடங்கு பெருகவே அரை நாள், ஒரு நாள் ஆகும். அதனால்தான் சைக்கிள், அதாவது இந்த பாக்டீரியா போதுமான அளவு வளர்ந்து தொட்டி தயாராவது, முடிய 3 முதல் 6 வாரம் பிடிக்கிறது. அப்படி மெல்ல மெல்ல ஒட்டிய பாக்டீரியாவைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவச் சொல்கிறீர்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீரில் ஒரு பக்கெட்டில் வைத்து லேசாகப் பிழிந்தால் போதும். புதிதாக ஊற்றும் தண்ணீரில் ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் திரவம்) கலக்க வேண்டும். இரண்டுமே தாளில் இல்லை.

ஆறு கட்டங்கள் கொண்ட டெஸ்ட் ஸ்ட்ரிப் ஒன்றும் தருகிறீர்கள். நைட்ரேட், நைட்ரைட், கடினத்தன்மை, காரத்தன்மை, பிஹெச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), குளோரின் என ஆறும் அதில் உண்டு. புதுத் தொட்டியில் மீனைக் கொல்லும் அம்மோனியா மட்டும் இல்லை. ஸ்ட்ரிப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்திருந்த தண்ணீரைத் தனியாக வாங்கிய, சொட்டு விட்டுச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் பார்த்தபோது அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), பிஹெச் 8. பிஹெச் 7இல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஹெச் 8இல் நம்மூர் வெப்பத்தில் அது ஏறத்தாழ பத்து மடங்காகும். செவுளைப் புண்ணாக்க அது தாராளம். மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறியதும், செவுள் ஓரம் சிவந்ததும் இதனால்தான். இணைத்துள்ள படங்களில் தெளிவாகத் தெரியும்.

பாக்டீரியா பாட்டிலில் தயாரித்த மாதமோ வருடமோ இல்லை. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011இன்படி அது அச்சிடப்பட வேண்டும். உயிருள்ள பொருள் என்று விற்கும் பாட்டில் கடை அலமாரியில், வெயிலில், எத்தனை மாதம் கிடந்தது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

தாளில் இருக்க வேண்டியது இது: கல்லைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுக. மீன் இல்லாமல் அம்மோனியாவை 2 பிபிஎம் அளவுக்கு விட்டு, அது 24 மணி நேரத்தில் பூஜ்ஜியமாகி, நைட்ரைட்டும் பூஜ்ஜியமாகும்வரை காத்திருக்க. நைட்ரேட் நிறைய சேர்ந்திருந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடுக. ஃபில்டரை இரவிலும் நிறுத்தாதீர்கள். ஓட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் போகாது. ஏற்கெனவே மீன் விட்டவர்கள் அம்மோனியா 0.5 பிபிஎம்மைத் தாண்டும்போதெல்லாம் குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றி, தீனியைப் பாதியாக்க வேண்டும். நைட்ரைட் ஏறினால் தங்கமீன் தொட்டியில் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். 50 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம். 4 முதல் 6 தங்கமீன் என்ற வரியை எடுத்துவிடுங்கள். 50 லிட்டரில் அவை வளர இடமில்லை.

எனவே கோருவது: இறந்த மீன்களின் விலையும் டெஸ்ட் கிட்டின் விலையும் (பில் நகல்கள் இணைப்பில்), கடைகளில் உள்ள பெட்டிகளில் இந்தத் தாளை மாற்றுவது, செட்டில் அம்மோனியா டெஸ்ட் சேர்ப்பது, பாட்டிலில் தேதி அச்சிடுவது. சரியான பயன்பாட்டு விளக்கம் இல்லாமல் விற்ற பொருளால் சேதம் நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 84. 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இந்தக் கடிதமே மனுவாகத் தரப்படும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: வழிகாட்டித் தாள், பாட்டில் லேபிள், டெஸ்ட் அளவீடுகள், மீன்களின் படங்கள்; பில் நகல்கள்.