நம் மொட்டை அக்கா

திண்டுக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பிய வெல்லமும் கடிதமும் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இங்கே எல்லோரும் நலம், அத்தைக்கு முட்டிவலிதான் குறையவில்லை. உன் பெரியவனுக்கு வேலை கிடைத்ததைத் தமிழ்ச்செல்வி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, நேரில் பேசிக்கொள்வோம்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கயல். மாடலாகப் போகிறாளாம். போன வருடம் ஒரு பட்டுக்கடை காலண்டருக்கு அவளைப் படம் எடுத்தார்கள். அந்த நீளப் பின்னலைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். அதிலிருந்து பிடித்துக்கொண்டாள். படங்கள் எடுத்து ஆல்பம் போட்டுத் தருகிறேன் என்று சென்னையில் ஒரு ஆள் 30,000 ரூபாய் முன்பணம் வாங்கினான். இப்போது போனை எடுப்பதில்லை. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். குழந்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அது ஆறுவதற்குள் அடுத்தது. அவளுக்கு ஏழு வயதில் டெங்கு வந்தது நினைவிருக்கிறதா? அப்போது அத்தை பழனிக்கு மொட்டை வேண்டிக்கொண்டார். ஆண்டு விழா, பத்தாம் வகுப்பு என்று தள்ளிக்கொண்டே வந்து, இந்த வைகாசி விசாகத்துக்குள் முடித்தே ஆகவேண்டும் என்கிறார். "என் முடிதான் பாட்டி என் பொழைப்பு" என்றாள் இவள். "உயிர் கொடுத்தவனுக்கு முடி கொடுக்க மாட்டியா?" என்றார் அவர். இருவருமே சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. இவர் வழக்கம்போலப் பேப்பருக்குள் போய்விட்டார்.

அன்றிரவு கயலிடம் நம் மொட்டை அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஹாஸ்டல் அலமாரிக் கதவில் நீ ஒட்டி, வார்டன் இரண்டு முறை கிழித்த அதே பெர்சிஸ் கம்பாட்டா. பம்பாய்ப் பார்சிப் பெண், சின்ன வயதிலேயே ரெக்சோனா சோப்பு விளம்பரத்தில் வந்தவள், 1965இல் பதினாறு வயதில் மிஸ் இந்தியா ஆனவள் என்று ஆரம்பித்தேன். ஏர் இந்தியாவுக்கும் கார்டன் வரேலி புடவைக்கும் மாடலாக நின்றதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கே.ஏ. அப்பாஸ் இயக்கிய இந்திப் படம், லண்டன், 1975இல் மைக்கேல் கெய்னோடும் சிட்னி பாய்ட்டியரோடும் ஒரு படம், அப்புறம் 1979இல் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளிப் படம். இலியா என்ற வேற்றுக்கிரகப் பெண் வேடத்துக்காகத் தலையை மழித்துக்கொண்டாள் என்றதும் கயல், "மாடலிங் பண்ணினவங்களா? முழுசாவா?" என்று கேட்டாள். மழிக்கும்போது எடுத்த காட்சி இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது, வசந்தி. நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கொத்துக் கொத்தாக விழுகிறது. கயல் தன் பின்னலை முன்னால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனபோது, முடி பழையபடி வளருமா என்று பெர்சிஸுக்கே பயம் வந்து, காப்பீடு செய்யலாமா என்று கேட்டிருக்கிறாள். அந்த வயதில் நமக்கு அவளுடைய தைரியம்தான் கண்ணில் பட்டது. இப்போது எனக்கு அந்தப் பயம்தான் நெஞ்சில் நிற்கிறது.

"அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்றாள் கயல். அங்கேதான் திணறினேன். 1980இல் ஆஸ்கர் மேடையில் விருது வழங்கினாள், அந்த மேடையில் விருது வழங்கிய முதல் இந்தியர் அவள்தான் என்றேன். அடுத்த வருடம் ஹாலிவுட் நடிகர் ஸ்டாலோனோடு நடித்ததைச் சொன்னேன். மீதியையும் மறைக்கவில்லை. அதே 1980இல் ஜெர்மனியில் கார் விபத்து, தலையில் பெரிய தழும்பு. 1983இல், முப்பத்தைந்துகூட ஆகாத பெண்ணுக்கு இதய பைபாஸ். பிறகு பம்பாய்க்கே திரும்பி வந்து ஒரு டிவி தொடர். அவ்வளவு உயரம் போனவளுக்கு அதற்கேற்ற வேடங்கள் வரவே இல்லை. மேற்கில் அந்தக் காலத்தில் ஓர் இந்தியப் பெண்ணுக்கு எழுதப்பட்ட பாத்திரங்கள் எத்தனை இருந்திருக்கும்? நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

1998 ஆகஸ்டில் ஹாஸ்டல் வாசிப்பறையில் அந்தச் செய்தியை நீதான் முதலில் பார்த்தாய். மாரடைப்பு, வயது 49. இன்னும் ஒன்றரை மாதம் இருந்திருந்தால் ஐம்பது. அன்று நீ மெஸ்ஸுக்கு வரவில்லை.

ஆனால் அன்று நமக்குத் தெரியாத ஒன்றைப் பிற்பாடு படித்தேன். இறப்பதற்கு முந்தைய வருடம் அவள் ஒரு பெரிய படப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறாள், 'பிரைட் ஆஃப் இந்தியா' என்று. தன்னைப் பற்றி அல்ல, மிஸ் இந்தியா பட்டம் வென்ற பெண்கள் பலரைப் பற்றி. அன்னை தெரசாவுக்குக் காணிக்கையாக்கி, வரும் ராயல்டியையும் அவருடைய சபைக்கே எழுதி வைத்தாள். தனக்குப் பின்னால் வந்த பெண்களைத் தேடிப் பிடித்து ஒரே புத்தகத்தில் உட்கார வைக்க அவளுக்குத் தோன்றியிருக்கிறது பார். கயலுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. நம் வீட்டுப் பெண்ணை ஆயிரம் பேர் பார்க்கலாம், உடம்புக்கு முடியாமல் படுத்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றே ஓடிக்கொண்டிருந்தது. நீ என்ன செய்வாய், சொல்லு. உனக்குப் பெண் இல்லை என்று தப்பித்துக்கொள்ளாதே.

காலையில் எழுந்து பார்த்தால் கயல் அத்தைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வேலை ஒன்று கிடைத்து, அதற்கு மொட்டையடிக்கச் சொன்னால் அடித்துக்கொள்வாளாம், ஆனால் இப்போது வேண்டாமாம். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "சரி, பூமுடி கொடுத்துடு. முருகன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை பழனி போகிறோம். உடுமலையிலிருந்து உனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடிவாரத்துக்கு வந்துவிடு. அந்த அலமாரிப் படம் இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்து வா, கயல் கேட்கிறாள்.

உன்
மல்லிகா