ஞாயிறு சந்திப்பு: பழைய சைக்கிள்களை இனங்காணல்

வணக்கம் உறவுகளே. வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு திருகோணமலை டச்பே கடற்கரையில் கூடுவோம். உங்கள் சைக்கிளைக் கழுவாமல், துரு தேய்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். அழுக்குக்கு அடியில்தான் அடையாளம் இருக்கும்.

பெயர்ச் சின்னம் கழன்றிருந்தால் முன் பல்லுச்சில்லில் உள்ள உருவத்தைப் பாருங்கள், அதுவே தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும். நாரைத் தலை என்றால் றலி, மூன்று துப்பாக்கி என்றால் பிஎஸ்ஏ, ஓடும் மனிதர்கள் ஐவர் என்றால் ஹம்பர், விரித்த கை என்றால் ரட்ஜ். பின் ஹப்பில் (சில்லின் நடுக்குடத்தில்) ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் இருந்தால், அதன் உடலில் AW என்ற எழுத்துகளோடு ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள் பொறித்திருக்கும். 58 என்றால் 1958. அது ஹப்பின் வயதுதான். சில்லு பிறகு மாற்றப்பட்டிருக்கலாம், ஆகவே ஃபிரேம் எண்ணையும் எழுதி வாருங்கள்.

தயவுசெய்து பெடல் தண்டை அச்சில் பிடித்திருக்கும் கொட்டர் ஆணியைச் சுத்தியலால் அடித்துக் கழற்றாதீர்கள். ஆணி வளையும், உள்ளே கிண்ணமும் குண்டுகளும் அடிவாங்கும். இரண்டு நாள் எண்ணெய் ஊறவிட்டு, அழுத்தும் கருவியால் தள்ளினால் போதும். நொட்டிங்ஹாமில் செய்த றலியின் ஹெட்செட்டில் (ஹாண்டில் தண்டு சுழலும் இடத்தில்) அங்குலத்துக்கு 26 புரி. மற்றவற்றில் பெரும்பாலும் 24. கடையில் கிடைத்த நட்டை வலிந்து முறுக்கினால் புரி போய்விடும்.

அப்புறம், நம் கடற்காற்றில் குரோம் சீக்கிரம் புள்ளி விழும். அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். பழைய பொற்கோடு மிஞ்சியிருந்தால் மேலே புது பெயின்ற் அடிக்கவே வேண்டாம். 28 அங்குல ரிம் மேலதிகமாக வைத்திருப்பவர்கள் சனிக்கு முன் இங்கே சொல்லுங்கள், இரண்டு பேர் தேடுகிறார்கள்.