‘இணையான பாகம்’ என்று சொல்லி நான்கு பாகங்களை மாற்றி அனுப்பியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆர்டர் செய்த கேமிங் டெஸ்க்டாப்பில் என்னைக் கேட்காமல் மாற்றப்பட்ட நான்கு பாகங்களை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் தளத்தில் ஒவ்வொரு பாகத்தையும் நானே தேர்ந்தெடுத்து, முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டி வாங்கிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மூன்று வாரங்களுக்கு முன் வந்து சேர்ந்தது. அதில் கிராபிக்ஸ் கார்டு, ப்ராசஸர், ரேம், பவர் சப்ளை ஆகிய நான்கும் நான் ஆர்டர் செய்தவை இல்லை. உங்கள் சேவை எண்ணில் நான்கு முறை பேசிவிட்டேன். ‘ஸ்டாக் இல்லை சார், இணையான பாகம்தான் போட்டிருக்கோம்’ என்ற ஒரே பதில்தான் ஒவ்வொரு முறையும் வந்தது. இணையானவை இல்லை என்று நான் விளக்கத் தொடங்கியதும் ‘மேலே சொல்றோம்’ என்று வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுத்தில் தருகிறேன். சற்று நீளம்தான், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கார்டு ஆடாமல் இருக்க கேபினெட்டுக்குள் ஃபோம் வைத்து அனுப்பியிருந்தீர்கள். ஒயர்கள் எல்லாம் பின்பக்கம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. மதர்போர்டு, எஸ்எஸ்டி, கேபினெட் மூன்றும் நான் கேட்டவையே. அசெம்பிள் செய்தவருக்கு வேலை தெரிந்திருக்கிறது, அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இது நானும் என் தங்கையும் சேர்ந்து ஒன்றரை வருடம் சேமித்து வாங்கியது. இரவில் கேம் ஆட எனக்கு, மற்ற நேரத்தில் பிளெண்டர் மென்பொருளில் 3டி மாடலிங் கற்றுக்கொள்ள அவளுக்கு. கையில் இருந்தது நடுத்தர பட்ஜெட். அந்தத் தொகைக்குள் ஒரு பாகத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும். மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கிராபிக்ஸ் கார்டை முதலில் முடிவு செய்தோம். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போனது. மிச்சத்தில், ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான புதிய மதர்போர்டு வகையான ஏஎம்5 பிளாட்ஃபார்ம் எடுக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தோம். 2022-இல் வந்தது, வருங்காலத்துக்கு நல்லது. ஆனால் அதில் புதிய தலைமுறை டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போடமுடியும். மதர்போர்டு, ரேம் இரண்டுக்குமே கூடுதல் செலவு, அந்தக் கூடுதல் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் போகும். சரி, பழைய ஏஎம்4 போதும் என்று முடிவெடுத்தோம். ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற 550 வாட் பவர் சப்ளை. ஒவ்வொன்றும் மற்றதைப் பார்த்து எடுத்த முடிவு. இதை ஆர்டர் செய்த அன்றே மின்னஞ்சலில் உங்களுக்கு எழுதி, ‘எதையாவது மாற்ற வேண்டி வந்தால் முதலில் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், காத்திருக்கத் தயார்’ என்றும் சொல்லியிருந்தேன். ‘நிச்சயம் சார்’ என்று உங்கள் பதில் வந்தது. அது இன்றும் என்னிடம் இருக்கிறது.

முதல் நான்கு நாட்கள் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேம் ஓடியது. ஆனால் வேகமாகத் திரும்பினால் ஒரு நொடி திரை உறைந்து மறுபடி நகரும். புதிய டிரைவர் போட்டேன், விண்டோஸையே மறுபடி நிறுவினேன். ஐந்தாம் நாள், 3டி மாடலைப் படமாக்கும் ரெண்டர் வேலையைக் கொடுத்துப் பார்த்த தங்கை வந்து, ‘அண்ணா, ரெண்டர் கொடுத்தா மெமரி போதலைன்னு நின்னுடுது. 12 ஜிபின்னுதானே சொன்ன?’ என்று கேட்டாள். அப்போதுதான் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலைத் திறந்து பார்த்தேன். பெயர் ஆர்டிஎக்ஸ் 3060 என்றே இருந்தது. அதற்குக் கீழே நினைவகம் 8192 எம்பி, பஸ் அகலம் (கார்டின் நினைவகத்துக்குத் தரவு போய்வரும் பாதையின் அகலம்) 128 பிட்.

ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. 2021-இல் வந்தது 12 ஜிபி, 192 பிட் பஸ். 2022 கடைசியில் வந்தது 8 ஜிபி, 128 பிட் பஸ். இரண்டிலும் 3584 குடா கோர்கள் (கணக்குப் போடும் அலகுகள்) இருப்பது உண்மைதான், உங்கள் ஊழியர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் அந்தக் கோர்களுக்குத் தரவு கொண்டுவரும் பாதை ஒன்றில் நொடிக்கு 360 ஜிபி, மற்றதில் 240 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நினைவகத்திலும் அதே அளவு போய்விட்டது. பிளெண்டரில் ஒரு காட்சியை கிராபிக்ஸ் கார்டில் முழு வேகத்தில் ரெண்டர் செய்ய வேண்டுமென்றால் அதன் மாடல்களும் டெக்ஸ்சர்களும் (மேற்பரப்புப் படங்களும்) கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான், அதே விலையில் கேமில் கொஞ்சம் வேகமாக ஓடும் 8 ஜிபி கார்டுகளை ஒதுக்கிவிட்டு இதை எடுத்தோம். ‘கேமுக்கு 8 ஜிபி போதும் சார்’ என்றார் உங்கள் ஊழியர். போதுமா போதாதா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் பணம் கொடுத்த என் தங்கை.

கார்டைப் பார்த்ததும் சந்தேகம் வந்து மற்றவற்றையும் பார்த்தேன். ப்ராசஸர், ரேம் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட்டில் ப்ராசஸர் ரைசன் 5 5500 என்று காட்டியது. பில்லில் 5600 என்று இருக்கிறது. இரண்டும் ஒரே மாதத்தில், 2022 ஏப்ரலில் வந்தவை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். எண்ணில் நூறுதான் வித்தியாசம், வேகத்திலும் சொற்ப வித்தியாசம்தான் என்று உங்கள் கிடங்கில் யாரோ நினைத்திருக்கலாம். 5600-இல் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. கேம்களில் கேஷ் எவ்வளவு முக்கியம் என்பது கேமிங் கம்ப்யூட்டர் விற்கும் உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அதைவிட முக்கியம், 5600 பிசிஐஇ 4.0 (கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசஸரோடு இணையும் பாதை) தருகிறது, 5500 பிசிஐஇ 3.0 வரைதான். நான் பி550 மதர்போர்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்ததே 4.0-க்காக. மதர்போர்டை மட்டும் சரியாக அனுப்பிவிட்டு, அதைப் பயன்படுத்த முடியாத ப்ராசஸரை அதன்மேல் பொருத்தியிருக்கிறீர்கள். எங்கள் எஸ்எஸ்டியும் 4.0 வகைதான். அதுவும் இப்போது பாதி வேகத்துப் பாதையில் ஓடுகிறது.

ரேம் விஷயம் இன்னும் எளிது. இரண்டு 8 ஜிபி கேட்டேன், ஒரு 16 ஜிபி வந்தது. ‘மொத்தம் 16 ஜிபிதானே சார், பின்னால இன்னொண்ணு போட்டுக்கலாம்’ என்றார்கள். மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறது. இரண்டு போட்டாலும் பின்னால் இரண்டு மிச்சம் இருக்கும். இரண்டு ரேம் சேர்ந்தால்தான் ரேமுக்கான இரண்டு பாதைகளிலும், அதாவது இரண்டு சேனலிலும், தரவு ஓடும். டிடிஆர்4 3200 ரேம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனலில் 51.2 ஜிபி. போதாக்குறைக்கு, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை இயக்கவே இல்லை. சிபியு-இசட்டில் 1066 என்று காட்டியது, அது பாதி எண்ணைத்தான் காட்டும், அதாவது 2133 வேகம். 3200 வேக ரேமுக்குப் பணம் வாங்கிக்கொண்டு நொடிக்கு 17 ஜிபி தரும் நிலையில் அனுப்பியிருக்கிறீர்கள். எக்ஸ்எம்பியை நானே பயாஸுக்குள் போய் இயக்கிக்கொண்டேன். இன்னொரு ரேமை நான் எங்கே போய் எடுப்பது?

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னக் குறைகள் என்று தோன்றலாம். ஆனால் அவை ஒரே வழியில் வந்து நிற்கின்றன. கார்டின் 8 ஜிபி நிரம்பியதும் மிச்ச டெக்ஸ்சர்கள் கம்ப்யூட்டரின் பொது ரேமுக்குப் போகின்றன. அங்கே போகும் பாதை பிசிஐஇ, அது பாதியாகிவிட்டது. போய்ச் சேரும் இடம் ரேம், அதுவும் ஒரே சேனல். வேகமாகத் திரும்பும்போது திரை உறைவதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைத்து, நினைவகம் 8 ஜிபிக்குள் அடங்கும்படி வைத்து ஆடினால் உறைவது நின்றுவிடுகிறது. இரண்டு கேம்களில் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் பவர் சப்ளை. மற்ற மூன்றும் வேகத்தைக் குறைக்கின்றன, இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கனமான கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் இரண்டு முறை பட்டென்று அணைந்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை, நீலத் திரையும் வரவில்லை. அதன் லேபிள் கேபினெட்டின் அடித்தட்டுக்குள் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்ததால், பின்பக்கம் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, ஒயர்களை இழுக்காமல் மெதுவாகச் சாய்த்து, போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 550. பிரான்ஸ் முத்திரை எங்கும் இல்லை. கீழே சின்ன அட்டவணையில் +12 வோல்ட் வரிசையில் 25 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டை இருபத்தைந்தால் பெருக்கினால் 300 வாட். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். நான் ஆர்டர் செய்த 12 ஜிபி கார்டுக்கே 170 வாட் ஒதுக்கச் சொல்கிறார்கள். ப்ராசஸர், விசிறிகள், மற்றவை சேர்ந்தால் 300-ஐ நெருங்கிவிடும். கார்டுகள் சில மில்லி நொடிகளுக்குத் திடீரென்று இதைவிட அதிகமாக இழுக்கும் என்பதும் தெரிந்த விஷயம். அதற்குத்தான் 550 வாட் கேட்டோம். தரமான 550 வாட் பவர் சப்ளையில் கிட்டத்தட்ட முழுவதையும் 12 வோல்ட்டிலேயே எடுக்க முடியும். தரமில்லாத பவர் சப்ளை போகும்போது தான் மட்டும் போகாது, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோக வாய்ப்பு உண்டு. ஒன்றரை வருடச் சேமிப்பு அந்தப் பெட்டியை நம்பித்தான் இருக்கிறது. இப்போது நாங்கள் கேம் ஆடுவதையே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இதைச் சொன்னதற்கு, ‘ஸ்க்ரூ கழட்டினதால வாரண்டி போயிடுச்சு சார்’ என்றார் உங்கள் ஊழியர். கழற்றாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? வாரண்டி ஸ்டிக்கர் எதுவும் கிழியவில்லை. பவர் சப்ளையின் உள்ளே நான் கைவைக்கவே இல்லை. ரேம் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் அதே நிறுவனம், கேபினெட்டைத் திறந்ததற்காக வாரண்டியை மறுப்பது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பில்லின் பின்பக்கம் ‘ஸ்டாக் இல்லாத பட்சத்தில் இணையான அல்லது உயர்ந்த பாகம் பொருத்தப்படும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அந்த வரியை நான் மறுக்கவில்லை. மாற்றிய நான்கில் ஒன்றுகூட உயர்ந்ததாக இல்லை, ஒன்றுகூட இணையாகவும் இல்லை. நான்குமே குறைந்த பாகங்கள். பில்லில் மட்டும் பழைய பெயர்களும் பழைய விலைகளும் அப்படியே இருக்கின்றன.

நான் கேட்பது இவைதான். நான்கு பாகங்களையும் ஆர்டரில் உள்ளபடியே மாற்றித் தர வேண்டும். பவர் சப்ளையை முதலில் அனுப்புங்கள், அதை மட்டும் நானே பொருத்திக்கொள்கிறேன், அதற்காக வாரண்டி போகாது என்று எழுதிக் கொடுத்தால் போதும். மற்றவற்றுக்கு உங்கள் ஆளை அனுப்பினாலும் சரி, கம்ப்யூட்டரை உங்கள் செலவில் எடுத்துச் சென்று திருப்பித் தந்தாலும் சரி. ஏதாவது ஒரு பாகம் இப்போதும் ஸ்டாக் இல்லையென்றால் அதைச் சொல்லுங்கள், காத்திருக்கிறோம், அல்லது மாற்றாக எதை எடுப்பது என்று நாங்களே தேர்ந்தெடுக்கிறோம். இது எதுவும் முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தந்துவிட்டு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை வித்தியாசத்தை மட்டும் திருப்பித் தருவதாக நான்காவது அழைப்பில் சொன்னீர்கள். அதை ஏற்க மாட்டேன், எங்களுக்கு வேண்டியது அந்தக் கம்ப்யூட்டர்தான்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன், இது எனக்காக இல்லை. உங்கள் தளத்தில் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டின் பெயருக்குப் பக்கத்திலேயே நினைவக அளவையும் பஸ் அகலத்தையும் போடுங்கள். பவர் சப்ளைக்கு 12 வோல்ட் ஆம்பியரைப் போடுங்கள். பார்த்து வாங்கத் தெரியாதவர்கள்தான் உங்களை நம்பி வருகிறார்கள். அவர்கள் ஜிபியு-இசட் திறந்து பார்க்கப் போவதில்லை, கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது என்று தெரியாமலே பல வருடம் ஓட்டுவார்கள்.

ஜிபியு-இசட், சிபியு-இசட் திரைப் படங்கள், பவர் சப்ளை லேபிளின் புகைப்படம், பில்லின் நகல், உங்கள் ‘நிச்சயம் சார்’ மின்னஞ்சல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இதே ஆதாரங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் கொடுப்பேன். தொலைபேசியில் இனி பேச விருப்பமில்லை, மின்னஞ்சலில் மட்டும் தொடர்பு கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்