நட்டஈட்டு வழக்குக்கு 2 வருடமே கெடு

ஆசிரியர் அவர்களுக்கு,

கார் மோதிக் கால் முறிந்தவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "பொலிஸ் வழக்கு முடியட்டும், பிறகு நட்டஈட்டைப் பார்ப்பம்." இப்படிக் காத்திருந்தே பலர் உரிமையை இழக்கிறார்கள். நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது சாரதியைத் தண்டிப்பதற்கான வழக்கு. அங்கே ஒரு தொகை கொடுக்கும்படி கட்டளை வரலாம். ஆனால் சிகிச்சைச் செலவு, இழந்த உழைப்பு, இனிச் செய்யவேண்டிய சத்திரசிகிச்சை, பட்ட வேதனை எல்லாவற்றுக்குமான நட்டஈட்டை மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்காகத்தான் கேட்க வேண்டும். அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடமே கெடு. பொலிஸ் வழக்கு தவணை தவணையாக இழுபட்டாலும் இந்தக் கெடு நீளாது.

வழக்கின் பலம் ஆஸ்பத்திரியில் எழுதப்படும் முதல் வரியிலேயே இருக்கிறது. அனுமதிக்கும்போது கூட வந்தவர் பதற்றத்தில் "சைக்கிளால விழுந்திட்டார்" என்று சொன்னால் பெட் ஹெட் ரிக்கற்றில் (நோயாளியின் விபரமும் சிகிச்சையும் எழுதப்படும் ஆஸ்பத்திரிப் பதிவில்) அப்படியே பதிவாகிவிடும். பின்னர் காப்புறுதி நிறுவனத்தின் சட்டத்தரணி அந்த வரியைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார். எந்த வாகனம், எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதியது என்று தெளிவாகச் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரி பார்க்காமல் வீட்டுக்குத் துண்டு வெட்டிக்கொண்டு போக வேண்டாம். முறிவுக்குப் புக்கை கட்ட நாட்டு வைத்தியரிடம் போக விரும்புகிறவர்களும் எக்ஸ்றே எடுத்து, அந்த அதிகாரியிடம் காட்டிய பிறகே போகட்டும். என்பு முறிவு சட்டத்தில் கடுங்காயம். அவருடைய அறிக்கை இல்லாவிட்டால் அதை நிறுவுவது மிகக் கடினம்.

பொலிஸ் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டின் பிரதியையும் பெற்றுக்கொள்ளுங்கள். காரின் இலக்கத்தோடு, முன்கண்ணாடியில் உள்ள வருமான அனுமதிப்பத்திரத்தையும் சாரதியிடமுள்ள காப்புறுதிச் சான்றிதழையும் படம் எடுத்து வையுங்கள். பெயர் மாற்றாமல் கைமாறிய வாகனங்கள் இங்கே ஏராளம். ஆகவே பதிவுச் சொந்தக்காரர் யாரென்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிப்படுத்திய பின்னரே வழக்கை எழுத வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு வழக்குப் பற்றிய அறிவித்தல், வழக்குத் தாக்கலுக்கு முன்னரோ தாக்கலாகி 7 நாட்களுக்குள்ளோ போய்ச் சேர வேண்டும். பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். இது தவறினால், தீர்ப்பு வென்றாலும் நிறுவனம் பணம் கட்டாமல் தப்பலாம்.

தோட்டக்காரருக்கும் மேசனுக்கும் சம்பளச்சீட்டு கிடையாது. அதனால் வருமானத்தை நிரூபிக்க முடியாதென்று நினைத்துவிடக் கூடாது. சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளில் மரக்கறி கொடுத்த துண்டுகள், வங்கிப் புத்தகம், வேலை தந்தவரின் கடிதம் எல்லாமே உதவும். பார்மசித் துண்டுகளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அன்றன்றே போட்டோக் கொப்பி எடுங்கள்.

ஹெல்மெட் போடவில்லை, எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது என்று சிலர் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார்கள். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பகுதிப் பிழை இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈடு குறையும். கோரிக்கை முழுதாக அற்றுப்போகாது.

எல்லாவற்றிலும் கவலை தருவது, பொலிஸ் நிலைய வாசலிலேயே சில ஆயிரங்களுக்கு "சமாதானமாகப் போகிறோம்" என்று கையெழுத்து வைப்பது. பிளேட் வைத்த கால் ஒரு வருடம் கழித்து மீண்டும் சத்திரசிகிச்சை கேட்கலாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வசனம் உள்ள கடதாசியில், வைத்தியர் காயத்தின் முடிவைச் சொல்லும்வரை கையெழுத்திடாதீர்கள். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடலாம்.

யாழ் போதனா வைத்தியசாலையின் விபத்துப் பிரிவிலும் குடாநாட்டுப் பொலிஸ் நிலையங்களிலும் இந்த 2 வருடக் கெடுவையும் 7 நாள் அறிவித்தலையும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்குமாறு உரிய அதிகாரிகளை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
கோண்டாவில்.