மகனுக்கு, சுங்கைப்பட்டாணியிலிருந்து

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். சீனி இந்த மாதம் ஒன்பதில் நிற்கிறது, கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க நம் தோட்டத்து மாரியம்மன் துணை. மூன்று தடவை போன் போட்டேன். மீட்டிங்கில் இருந்திருப்பாய். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்து அனுப்பு என்று பேத்தி சொல்லிக் கொடுத்தாள். எனக்குப் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. கார் ஓட்டும்போது எடுத்துப் படிக்காதே.

அம்மாவின் திவசம் ஜனவரியில் வருகிறது. போன தடவை மாதிரி காலையில் வந்து மாலையில் ஓடாமல் ஒரு ராத்திரியாவது தங்கு. ஹைவேயில் நிதானமாக வா, மோட்டார்க்காரர்களைப் பார்த்து ஓட்டு. இங்கே மழை விட்டபாடில்லை. அக்காள் மகன் பாலா இந்த மழையிலும் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறான். ராத்திரி பதினொன்றுக்கு மேல் சந்து முனையில் அவன் மோட்டார் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குக் கண் மூடும். ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கித் தர வேண்டும் என்று நினைக்கிறேன். என்னிடம் பணம் இருக்கிறது, நீ அனுப்ப வேண்டாம்.

தீபாவளிக்குப் பிறகு அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. கேட்டில் சாப்பாட்டு டப்பாவை மாட்டிவிட்டு "தாத்தா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகிறான்.

தீபாவளியன்று சாப்பாட்டு மேசையில் நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. "சீனனும் நம்மாளும் ஒரே காலத்துலதான் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தாங்க. அவன் கடைத்தெருவையே வாங்கிட்டான். நேத்து வந்த வங்களா கூட மளிகைக்கடை வெச்சிட்டான். நம்மாளுக்கு வாயும் போத்தலும்தான் மிச்சம். ஏறணும்னு நெனச்சவன் ஏறிட்டான். நான் ஏறலையா?" என்றாய். பாலா பாதித் தோசையோடு எழுந்து கை கழுவினான். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக் கிளைச் செயலாளராக இருந்து, தோட்ட மேனேஜர் துரை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினவன் நான். என் வீட்டு மேசையில் வாய் திறக்கவில்லை.

இப்போது சொல்கிறேன். கப்பல் வேண்டுமானால் ஒன்றாக இருக்கலாம், ஐயா. இறங்கின படி வேறு. உன் தாத்தா 1937-இல் ரஜூலா கப்பலில் வந்தார். கங்காணி ஊரிலேயே ஆள் கட்டினார், கங்காணியே பினாங்கு வரை கூட வந்தார். நோய் பரவாமல் இருக்க புலாவ் ஜெரஜா தீவில் அடைத்து வைத்திருந்து, அங்கிருந்து நேரே ரப்பர் தோட்டத்து லயத்துக்கு, கூலிக்காரர் வரிசை வீட்டுக்கு. அடுத்த வருஷமே இந்திய சர்க்கார் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. தாத்தாவுக்குக் கங்காணியைத் தெரியும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரைத் தெரியும், ரப்பர் பால் ஸ்டோர் தெரியும். தோட்டத்துக்கு வெளியே ஒரு மனுஷரைத் தெரியாது.

அதே தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு பார்த்த பெரிய கிராணி யாழ்ப்பாணத்தார். அவரும் தமிழ்தான், அவர் வீட்டுச் சுவரிலும் முருகன் படம்தான். ஆனால் அவர் ஊர்ப்பக்கம் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-லேயே செமினரி திறந்துவிட்டார்கள். மூன்று நான்கு தலைமுறை இங்கிலீஷ் படித்த மண் அது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் ரயில் விட்ட காலம் தொட்டே, ரயிலுக்கும் ஆபீஸுக்கும் அங்கிருந்து ஆள் எடுத்தார்கள். கிராணியின் பிள்ளைகள் டவுனில் இங்கிலீஷ் ஸ்கூல் போனார்கள், டாக்டரும் வக்கீலுமாக வந்தார்கள். செட்டியாரும் தமிழர்தான், அவர் முதலோடு வந்தார். தாத்தா இரண்டு கையோடு வந்தார். இனம்தான் காரணம் என்றால் இந்த மூன்று தமிழர்களும் ஒரே இடத்தில் அல்லவா போய் நின்றிருக்க வேண்டும்?

தாத்தாவின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது தோட்டத்துப் பள்ளிக்கூடம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-இல் சட்டம் போட்டார்கள். தோட்டங்கள் கொட்டகை போட்டன. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகைக்கும் அதற்கும் நடுவில் ஒரு தட்டிதான். பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியே வாத்தியார். ஆறாம் வகுப்புக்கு மேல் ஒரு படி கிடையாது. நானும் உன் அம்மாவும் அங்கேதான் படித்தோம். ஆறு முடிந்த மறுவாரம் உன் அம்மா பால் வாளி சுமக்கும் காண்டா தூக்கினாள்.

சீனரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. லம்பத்தில், அதுதான் ஈயச் சுரங்கத்தில், அவர்களும் செத்தார்கள், அபினியில் அழிந்தார்கள். ஆனால் வேலையைக் குத்தகைக்கு எடுக்கும் அவர்களுடைய கொந்தராக்காரன் துரையிடம் கூலி பேசுவான். சரிப்பட்டு வராவிட்டால் ஆளைக் கூட்டிக்கொண்டு அடுத்த லம்பத்துக்குப் போவான். கடனுக்குக் கொங்சி என்ற அவர்களுடைய கூட்டுச் சங்கம் இருந்தது, பெட்டியோடு வந்து இறங்கினவனுக்குப் படுக்க இடம் இருந்தது. கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த எமர்ஜென்சி காலத்தில் ஐந்து லட்சம் பேரை முள்வேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள், அது கொடுமைதான். வேலியை எடுத்த பிறகு அவர்களில் பலருக்கு ரோட்டோரத்தில் ஒரு வீடு மிஞ்சியது. நமக்கு லயம். வேலை போனால் வீடும் போகும். வீடு இருப்பவன் அதை அடமானம் வைத்துக் கடை போடுவான், பிள்ளையைப் படிக்க அனுப்புவான். லயத்தை எந்த பேங்க் அடமானம் வாங்கும்? 1994-இல் தோட்டம் கைமாறியபோது நீ இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு. நாலு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பால் வெட்டின அம்மாவுக்கும் எனக்கும் கிடைத்தது இந்த மலிவு வீட்டுக்கு முன்பணம். இப்போது அங்கே தாமான், புதிய குடியிருப்பு. நம் முற்றத்து முருங்கை நின்ற இடத்தில் யாருடைய காரோ நிற்கிறது.

போத்தல் என்றாய். நான் குடித்தேன், நீ பார்த்தாய், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்தவன் கூலிக்காரன் இல்லை. 1941-இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். கள்ளுக்கடையை மூடு. இதைக் கேட்டதற்குத் துப்பாக்கிச் சூடு, பிணம் விழுந்தது. முன்னால் நின்ற ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். சீனனோடு ஒப்பிட்டுப் பார்க்க நம் ஆட்களுக்கும் தெரிந்திருந்தது, ஐயா. அவர்கள் தங்கள் கூலியை ஒப்பிட்டார்கள்.

வங்காளதேசத்துப் பையன்கள் எங்கள் வரிசைக் கடைசி வீட்டில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனை அடைக்கவே இரண்டு வருஷம் ஆகிறது என்று ஒருவன் என்னிடம் சொன்னான். போன வருஷம் கை நசுங்கி ஒருவன் திரும்பிப் போனான். கடை வைத்தவன் உன் கண்ணில் படுகிறான். திரும்பிப் போனவனை யார் எண்ணுகிறார்கள்?

பத்திரிகையில் வெட்டி வைத்திருக்கிறேன். 1970-இல் தீபகற்பத்தில் மலாய்க்காரக் குடும்பங்களில் நூற்றுக்கு 65 வறுமையில் இருந்தன. நம்மவர்களில் 39, சீனரில் 26. மறு வருஷம் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. மலாய்க்காரர் கிராமமான கம்பம் பக்கம் பள்ளியும் நிலத்திட்டமும் போயின, அவர்களுக்கு அது தேவையாகத்தான் இருந்தது. தோட்டம் தனியார் நிலம் என்று சொல்லி எங்களைத் தாண்டிப் போனார்கள், அதைத்தான் நான் சங்கக் கூட்டத்தில் கத்திக் கத்திச் சொன்னேன். 2019 கணக்கில் வரிசையில் சரி நடுவில் நிற்கும் குடும்பத்தின் மாத வருமானம் சீனருக்கு 7,391 வெள்ளி (ரிங்கிட்), இந்தியருக்கு 5,981, மலாய்க்காரரும் மற்ற மண்ணின் மைந்தரும் சேர்ந்த பூமிபுத்ராவுக்கு 5,420. பார்த்தால் நாம் மோசமில்லை என்று தோன்றும். அந்த இந்தியர் கணக்கில் கிராணியின் பேரனும் இருக்கிறான், நீயும் இருக்கிறாய், பாலாவும் இருக்கிறான்.

நீ ஏறினாய். உன் பட்டமளிப்புப் போட்டோ இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. கிளினிக்கில் நர்ஸுக்குக் கூடக் காட்டிவிட்டேன். ஷா ஆலாமில் உன் ஆபீஸ் வாசலில் உன் பெயரைப் பார்த்த அன்று நான் கழிவறைக்குப் போய் அழுதேன். உன் உழைப்பை நான் குறைக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கோபத்தோடு வண்டி எடுக்காதே.

நான் இதையெல்லாம் எழுதுவது உனக்குச் சரித்திரம் சொல்லித் தர இல்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும், அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அன்று சாப்பாட்டில் கடைசியாக ஒன்று சொன்னாய். "அக்காவுக்குப் படிக்க மனசில்ல, அதான் இவனுக்கும் வரல." அக்காள் ஆட்டிறைச்சிச் சட்டியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்து, "சாப்பிடுங்கப்பா" என்றாள்.

அக்காளுக்குப் படிக்க மனசில்லை என்று உனக்குச் சொன்னவன் நான். பொய்.

அவள் எஸ்ஆர்பி பரீட்சை எடுத்தது 1990. தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளை, ஒரு வருஷம் ரிமூவ் கிளாஸில் உட்கார்ந்து மலாய் படித்து, மூன்றாம் படிவத்தில் கிரேட் ஏ. நீ பிறகு எடுத்ததைவிட நல்ல மார்க். மலாய்க்கார டீச்சர் ஒருவர் செம்மண் ரோட்டில் நடந்தே லயத்துக்கு வந்தார். சேலைத் தொங்கலில் முகம் துடைத்துக்கொண்டு அம்மா நாற்காலி போட்டாள். இந்தப் பிள்ளையை சயன்ஸில் சேர்த்துவிடுங்கள், கெட்டிக்காரி, பஸ் காசு நான் தருகிறேன் என்றார். நான் சரி சரி என்று தலையாட்டினேன். இரண்டு வாரத்தில் பிறையில் இருந்த சிப் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பெண்பிள்ளை, கல்யாணத்துக்கு நகை வேண்டும், தம்பி படிக்கணும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கள்ளுக்கடைக் கணக்கு எவ்வளவு இருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் காசில் அவள் படித்திருக்கலாம்.

"அக்கா ஏன் ஸ்கூலுக்கு வரல?" என்று நீ கேட்டாய். உனக்குப் பதினொரு வயது. படிப்பு ஏறவில்லை, அவளே வேண்டாம் என்றுவிட்டாள் என்றேன். பிறகு அதையே எல்லோருக்கும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் சிப் பார்த்துப் பார்த்து இருபத்தைந்து வயதிலேயே கண்ணாடி போட்டாள். யூனிவர்சிட்டிக்கு முந்தின எஸ்டிபிஎம் பரீட்சை எடுத்தும் அரசாங்க யூனிவர்சிட்டியில் நீ கேட்டது கிடைக்காதபோது, கோலாலம்பூர் காலேஜுக்குக் கட்டிய முதல் பணம் அவள் சீட்டுப் பணம். சங்கத்தில் லோன் எடுத்தேன் என்று உன்னிடம் சொன்னேன். அதுவும் பொய். அவள்தான் சொல்ல வேண்டாம் என்றாள். தம்பி கூச்சப்படுவான் என்றாள்.

நீயும் அவளும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள், ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே அப்பன். உன்னை ஒரு பஸ்ஸிலும் அவளை ஒரு பஸ்ஸிலும் ஏற்றினவன் நான். நீ பாலாவைப் பார்த்துப் பேசியது அத்தனையும் என்னைப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும்.

பிஸ்கட் டின்னில் தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டையைத் தேடினபோது அந்த ரிசல்ட் ஸ்லிப் கிடைத்தது. நாலாக மடித்து, அம்மாவின் கூட்டுறவுப் பங்குப் புத்தகத்துக்குள் இருந்தது. அம்மா வைத்திருக்கிறாள். போட்டோஸ்டேட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அசல் அக்காளுக்கு. இன்னும் கொடுக்கவில்லை. முதலில் உனக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

பாலா ஐடிஐயில் ஏர்கோன் வேலை படித்தவன், சர்ட்டிபிகேட் இருக்கிறது. உனக்குத் தெரிந்த இடம் ஏதாவது இருந்தால் பார். இல்லாவிட்டாலும் அவனோடு பேசு. முதலில் அக்காளோடு பேசு. பள்ளிக் கேண்டீனில் காலை ஐந்துக்கே போய்விடுகிறாள், போன் எடுக்க மாட்டாள். இங்கே கெடாவில் வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. கோயிலுக்குப் போய்ப் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவாள். அதன் பிறகு வீட்டில்தான் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா