எங்க பக்கத்து வீட்டு ஆச்சிக்காக ஓடியாடுன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன வெள்ளிக்கெழமையோட ஆச்சிக்கு பதினாறு முடிஞ்சுட்டு. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நேர்ல போயி சொல்லணும்னுதான் நெனச்சேன், ஆனா பாதிப் பேரு யாருன்னே எனக்குத் தெரியல, சேர் எறக்குன பையன் யாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு கருப்பட்டிக் காப்பி போட்டு கொண்டுவந்த அக்கா யாரு, ஒண்ணும் தெரியல, அந்த நேரத்துல யாரு மொகத்தையும் நான் பாக்கல. அதான் இத எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ஊரு முக்கூடல் பக்கம், தாமிரபரணிக் கரை. ஆச்சி எங்களுக்கு சொந்தமில்ல, சாதியும் வேற, நடுவுல ஒரே ஒரு மண்சுவரு, அவ்வளவுதான். அப்பா பம்பாயில, அம்ம நாள் பூரா பீடி சுத்துவா, அதனால நான் வளந்ததெல்லாம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். ஆச்சிக்குப் புள்ளைங்க கெடையாது, தாத்தா நான் பொறக்க முன்னாடியே போயிட்டாங்க. அவளும் பீடிதான். எங்க தெருவுல அப்போ பீடி சுத்தாத வீடுன்னா வாத்தியார் வீடு ஒண்ணுதான்.

மொதல்ல ஆஸ்பத்திரி. அன்னைக்கு விடியக்காலைல மூச்சு எளைப்பு ஜாஸ்தியாகி ஆச்சி சுவத்தத் தட்டியிருக்கா, அம்ம போயி பாத்துட்டு அலறியிருக்கா. முக்கு வீட்டு ஆட்டோ தம்பி சட்டகூட போடாம வண்டிய எடுத்திருக்கான். பாளையங்கோட்டை வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு பத்து பைசா வாங்கல, பெட்ரோலுக்காவது வாங்குடேன்னா, ஆச்சிதான் எனக்கு எட்டு போடச் சொல்லிக் குடுத்தா, போங்கண்ணேன்னு சொல்லிட்டான். லைசென்ஸ் டெஸ்டுக்கு மொத நா சாக்பீஸ எடுத்துத் தரையில 8 போட்டு, அதுமேல சைக்கிள காலு ஊணாம ஓட்டுலேன்னு சொன்னாளாம். சைக்கிளே ஓட்டத் தெரியாத ஆச்சி! எனக்கும் குரங்குப் பெடல் அவதான் சொல்லிக் குடுத்தா, பின்னாடி கேரியரப் பிடிச்சுக்கிட்டு சேலைய தூக்கிச் செருகிக்கிட்டு ஓடியே வருவா.

நான் சென்னையிலருந்து வந்து சேர மத்தியானம் ஆயிட்டு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. ஐஸ் பெட்டி, பந்தல், சங்கு ஊத ஆளு, எல்லாத்தையும் தெருவுலயே பாத்துக்கிட்டாங்க, நான் வந்து ஒரு சோலி பாக்கல.

அங்க ஒரு விஷயம் பாத்தேன். வந்தவங்க யாரும் எங்கிட்ட எப்படி ஆச்சு, எத்தன மணிக்கு ஆச்சுன்னு கேக்கல. கையப் பிடிச்சுட்டு ஓரமா போயி உக்காந்தாங்க. இது ஆச்சி பழக்கிவிட்டது. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது மொத மொதல்ல துட்டி கேக்க, அதான் சாவு வீட்டுக்கு, கூட்டிட்டுப் போனா, போற வழியிலயே சொல்லிட்டா, "ஏல, அங்க போயி வாயத் தொறக்கப்படாது, ஏன் எப்படின்னு கேக்கப்படாது, அவ்வோ சொன்னா கேளு, சொல்லலேன்னா சும்மா இரி, கொடத்துல தண்ணி இருக்கான்னு பாரு, இல்லேன்னா போயி எடுத்துட்டு வா." நான் அன்னைக்கு எட்டு கொடம் தண்ணி எடுத்தேன். துட்டி வீட்ல மொதல்ல தீருறது தண்ணிதான்னு இன்னைக்கும் பல பேருக்குத் தெரியாது. ஆச்சி வீட்டு வாசல்ல அன்னைக்கு ரெண்டு டிரம்மு நெறஞ்சு கெடந்துச்சு, யாரு ரொப்புனீங்களோ, நல்லா இருப்பீங்க.

சரி ஆச்சி என்னென்ன சொல்லிக் குடுத்தான்னு கேட்டா எங்க ஆரம்பிக்க. நீச்சல்லருந்து ஆரம்பிக்கேன். ரெண்டு காஞ்ச சுரக்குடுக்கைய கயித்துல கட்டி இடுப்புல மாட்டிவிட்டு படித்துறையில எறக்கிவிட்டா. அவபாட்டுக்குத் துணி தொவைப்பா, நான் தத்தக்கா பித்தக்கான்னு அடிப்பேன். ஒரு வாரம் கழிச்சு ஒரு குடுக்கைய அவுத்துட்டா, அப்புறம் இன்னொண்ணையும், ரெண்டையும் எங்கிட்ட சொல்லல, நான் பாட்டுக்கு நீந்திட்டு கெடக்கேன், கரையில பாத்தா குடுக்கை ரெண்டும் அவ பக்கத்துல இருக்கு. பயந்து நாலு வாய் தண்ணி குடிச்சேன்தான், ஆனா முங்கல. ஒழுக்குக்கு எதுக்க மல்லுக்கட்டாத, அது இழுக்கிற பக்கமே பைய சாஞ்சு சாஞ்சு கரைக்கு வா, பத்து வீடு தள்ளிக் கரையேறினா என்ன நடந்து வந்துருலாம்லா, இதுதான் அவ பாடம். மணல் அள்ளுன குழி எங்கெங்க கெடக்குன்னு வருஷா வருஷம் கோடையில தண்ணி வத்துனதும் என்னக் கூட்டிட்டுப் போயி காட்டுவா. கோடையிலயே பாத்து வச்சுக்கோ, தண்ணி வந்த பொறவு குழி தெரியாதும்பா.

1992 நவம்பர் வெள்ளம் எங்க ஆளுங்களுக்கு மறக்காது. எனக்கு ஒம்பது வயசு. டீக்கடை பேப்பர்ல பாபநாசம் அணை எத்தன அடி, மணிமுத்தாறு எத்தன அடின்னு நான்தான் தெனமும் ஆச்சிக்குப் பாத்துட்டு வந்து சொல்லுவேன், பாபநாசம் 143, மணிமுத்தாறு 118, இது ரெண்டும் எனக்கு வாய்ப்பாடு மாதிரி. வெள்ளம் வந்தன்னைக்கு எல்லாரும் அண்டா குண்டாவத் தூக்கிட்டு ஓடுறாங்க, ஆச்சி ஒரு பிஸ்கட் டின்ன என் தலையில வச்சா. உள்ள ரேஷன் கார்டு, பீடி பாஸ்புக்கு, போஸ்ட் ஆபீஸ் பொஸ்தகம், தீப்பெட்டி ஒண்ணு. பாத்திரம் மெதந்தா வேற வாங்கிக்கிடலாம், கார்டு போனா ஆறு மாசம் அலையணும்னா. 2023 டிசம்பர் மழையில நான் பதறிப்போயி சென்னையிலருந்து போன் போட்டா, "டின்ன கட்டி வச்சுட்டேம்ல, நீ சோலியப் பாரு"ன்னு வச்சுட்டா. அதே டின்னு.

துட்டு விஷயத்துல ஆச்சி மாதிரி ஒரு ஆள நான் எந்த பேங்க்லயும் பாக்கல, இத்தனைக்கும் எழுத்து தெரியாது. இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டு, நாப்பது கட்டு ஆயிரம், இதுதான் அவ கணக்கு, எல்லாத்தையும் கட்டுலயே கணக்குப் போடுவா. தெருவுல ஒருத்தர் பத்து வட்டிக்கு அஞ்சாயிரம் வாங்கப் போறாருன்னு கேள்விப்பட்டதும் என்னக் கூப்பிட்டு தரையில புளியங்கொட்டைய அடுக்கச் சொன்னா. மாசம் ஐநூறு, அஞ்சு கொட்ட. பத்து மாசத்துக்கு அடுக்குடான்னா, அம்பது கொட்டை வந்துச்சு, ஆக அஞ்சாயிரம் வட்டி மட்டும், மொதலு அப்படியே நிக்கி. அவரக் கூட்டிட்டு வந்து அந்தக் கொட்டைய காட்டுனா. அவரு வாங்கத்தான் செஞ்சாரு, அது வேற கதை. ஆனா எனக்கு வட்டின்னா இன்னைக்கும் புளியங்கொட்டைதான், கிரெடிட் கார்டுக்கு ஆளுங்க போன் பண்றப்பெல்லாம் தரை பூரா கொட்டை தெரியும்.

பீடிக் கடைக்கு ஒரு நா கூட்டிட்டுப் போனா. அங்க பாத்து வாங்குறவரு ரெண்டு கட்ட சரியில்லன்னு ஒதுக்கித் தள்ளிட்டாரு. எனக்குக் கோவம் வந்து ஏதோ சத்தம் போட்டேன். ஆச்சி என் தொடையக் கிள்ளிட்டு, "அண்ணாச்சி, எது சரியில்லன்னு எடுத்துக் காட்டுங்க, அடுத்த தடவ திருத்திக்கிடுதேன்"னு பைய கேட்டா. அவரு ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தாரு, ஏழு பீடிதான் தப்பு. ஒரு கட்ட திருப்பிக் குடுத்துட்டாரு. ஆபீஸ்ல யாராச்சும் என் வேலைய சரியில்லன்னு சொன்னா நான் இந்த ஒரு வரியத்தான் கேப்பேன், எது சரியில்லன்னு காட்டுங்க சார். பாதி நேரம் ஏழு பீடிதான் இருக்கும்.

பட்டன் தைக்கிறப்ப பட்டனுக்கும் துணிக்கும் நடுவுல ஒரு தீக்குச்சிய வச்சுத் தச்சிட்டு, அப்புறம் குச்சிய உருவிட்டு அடியில நூல நாலு சுத்து சுத்தணும், அப்பதான் பட்டன் போட எடம் இருக்கும், அந்துபோகாது. ஸ்டவ்வுக்கு பின்னு குத்துறது, அடைச்ச சாக்கடைய மூங்கில் வச்சுக் குத்துறது, கொழாய்க்கு வாஷர் மாத்துறது எல்லாம் போற போக்குல. சமையல் மட்டும் சம்மணம் போட்டு உக்கார வச்சு சொல்லிக் குடுத்தா. ஆம்பளப் பய அடுப்படில என்ன பண்ணுதான்னு தெருவுல சிரிச்சாங்க, "ஏன், ஆம்பளைக்கு வயிறு இல்லியோ?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டா. உளுந்தஞ்சோறு அவ கையில சாப்பிடணும். தோலு உளுந்த வாசம் வர வறுக்கணும், கருகப்படாது. ஒரு உழக்கு அரிசிக்கு அர உழக்கு உளுந்து, பத்து பல்லு பூண்டு, கொஞ்சம் வெந்தயம், அர மூடி தேங்கா, அரிசி பழசுன்னா தண்ணி ஒரு கை கூட. தொட்டுக்க எள்ளுத் தொவையல். இத வச்சுத்தான் நான் சென்னையில பேச்சிலரா அஞ்சு வருஷம் ஓட்டுனேன், ரூம்ல இருந்த மூணு பேருக்கும் நானே பொங்கிப் போட்டேன்.

இத்தனையும் சொல்லிக் குடுத்தவ ஒண்ணே ஒண்ண மட்டும் சொல்லியே குடுக்கல. பீடி சுத்த. எங்க வயசுப் பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பீடி சுத்துற சொளவு (மொறம்) பக்கத்துல உக்காந்து தல மடக்கிக் குடுக்கும், நூலு கட்டும், அம்மமாருக்கு ஐநூறு பீடி கூட ஓடும்லா. எனக்கும் ஆசை, கை வேகமா ஓடுறத பாத்துட்டே இருப்பேன். ஒரு நா ஆச்சி தண்ணி குடிக்க எந்திரிச்ச நேரம் நான் எலைய எடுத்து தூளு வச்சு ஒண்ணு சுத்திட்டேன், நல்லாவே வந்துச்சு. திரும்பி வந்து பாத்தா, வாங்கி ஒடிச்சுப் போட்டுட்டு, கத்தரியத் தூக்கி அந்தப் பக்கம் வச்சுட்டு, "சொளவு பக்கம் வந்த, கால ஒடிச்சிருவேன் மூதி"ன்னா. அவ என்ன அடிக்க கை ஓங்குனது அந்த ஒரு தடவதான். அம்மகிட்டயும் போயி சண்ட போட்டா, அவன் வெரல்ல தூளு பட்டா நான் உங்கிட்ட பேசவே மாட்டேன்னு. பீடித் தொழிலாளர் பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப் உண்டுன்னு எங்கேயோ கேட்டுட்டு வந்து, அம்மயோட பீடி அட்டையத் தூக்கிட்டு ஹெட்மாஸ்டர் முன்னாடி போயி நின்னவளும் அவதான். அப்போ அறிவொளி இயக்கம் வந்த சமயம், ராத்திரி வகுப்புக்கு என்னத் தொணைக்கு கூட்டிட்டுப் போவா, பேரு எழுதக் கத்துக்கிட்டா. அதுக்கப்புறம் கைநாட்டு வைக்கவே இல்ல.

ஆனா கடைசியில கைநாட்டுதான் அவளப் படுத்தி எடுத்துச்சு. அம்பது வருஷம் எல சுத்தி வெரல் ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு, ரேஷன் கடையில மெஷின்ல வச்சா எடுக்காது, தொடச்சு தொடச்சு வைப்பா, சிகப்பு லைட்டுதான் எரியும். பென்சன் ஆயிரம் ரூவா, அதுக்கு வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு காட்டணும், அதுக்கும் வெரல் கேட்டுச்சு. இந்த எடத்துல நம்ம போஸ்ட்மேன் அண்ணாச்சிக்கு நான் விழுந்து கும்பிடணும். வீட்டுக்கே வந்து, மூணு தடவ வெரல் எடுக்கலேன்னு தெரிஞ்சதும் சலிச்சுக்காம கண்ணுக்கு வைக்கிற மெஷினக் கொண்டாந்து முடிச்சுக் குடுத்தாங்க. ரேஷன் கடை தங்கச்சி ஆச்சி வந்தா சேர் போட்டு உக்கார வச்சுத்தான் பில்லு போடும். பிஎஃப்ல ஒரு பேரு ஆதார்ல ஒரு பேருன்னு ரெண்டு வருஷம் இழுத்ததே, அத பீடி சங்கத்து அக்கா திருநெல்வேலிக்கு எத்தன நட நடந்து சரி பண்ணாங்கன்னு எனக்குக் கணக்கே தெரியாது. நான் சென்னையில உக்காந்து போன்ல என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டுட்டு மட்டும் இருந்தேன், அத இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

அப்புறம் கொள்ளி. இத எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், எழுதிருதேன். ஆச்சியோட அண்ணன் மகன் மும்பையிலருந்து அன்னைக்கு வந்து சேர முடியல. பக்கத்து வீட்டுப் பய எப்படி வைக்கிறதுன்னு ரெண்டு மூணு பேரு பேசுனாங்க, அவங்க மேல எனக்கு வருத்தமில்ல, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. அந்த அண்ணன் போன ஸ்பீக்கர்ல போடச் சொல்லி, "எங்க அத்த வளத்த பிள்ள அவன், அவனே வைக்கட்டும்"னு சொன்னாங்க. நாட்டாமை தாத்தா அதுக்கு மேல யாரையும் பேச விடல. அந்த அண்ணனுக்கு நான் எப்படி நன்றி சொல்ல? நீர்மால எடுக்க, அதான் ஆச்சியக் குளிப்பாட்டத் தண்ணி கொண்டுவர, அவங்க சொந்தக்காரங்களோட எங்க அம்மயையும் சேத்துக்கிட்டாங்க. அந்தப் பெரியம்மாமார் எல்லாருக்கும் நன்றி. மறுநா காடாத்துக்கு அதே படித்துறைதான். சாம்பலக் கரைச்சிட்டு முங்குனேன், ஒழுக்கு ஜாஸ்தியா இருந்துச்சு, ரெண்டு படி தள்ளித்தான் ஏறுனேன்.

பந்தல்கார அண்ணன் பாக்கி எவ்வளவுன்னு இன்னும் சொல்லல, தயவுசெஞ்சு சொல்லுங்க. ஆச்சிகிட்ட கைமாத்து வாங்குனவங்க யாரும் திருப்பித் தர வேண்டாம், ஆனா ஆச்சி யாருக்காவது தரணும்னா என்கிட்ட வாங்க, அவ கடன் வச்சிருந்தா தூக்கம் வராது.

கடைசியா ஒரு விஷயம், பதினாறுக்கு பொங்க வாங்குன அண்டாவுல ரெண்டு யாரு வீட்டுதுன்னு தெரியல, ஒண்ணுல விளிம்புல "மு"ன்னு வெட்டியிருக்கு, இன்னொண்ணுல காது ஒடஞ்சு கம்பி சுத்தியிருக்கு. புளி போட்டு வெளக்கி திண்ணையில கவுத்தி வச்சிருக்கேன். எரவல் வாங்குன பாத்திரத்த வெறும் பாத்திரமா திருப்பிக் குடுக்கப்படாதும்பா ஆச்சி. துட்டி வீட்டுப் பாத்திரத்துல போட்டுக் குடுக்கலாமான்னு அம்மகிட்ட கேட்டேன், அதான் பதினாறு முடிஞ்சுட்டுல்லா, போடுன்னா. ஆளுக்கு ஒரு படி தோலு உளுந்து எடுத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம சாயந்தரம் வரைக்கும் நான் ஊர்லதான் இருப்பேன், வந்து வாங்கிக்கோங்க.